மணி பிளாண்ட் வீட்டுக்குள் ஏன் மஞ்சளாகிறது? வெளிச்சத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்!

இப்போது கிராமத்து வீடுகளிலும் மணி பிளாண்ட் இல்லாத வீடு குறைவு. டி.வி. மேசையின் மேல் ஒரு பாட்டிலில், சமையலறைத் திட்டில் ஒரு டம்ளரில், மாடிப்படி ஓரத்தில் ஒரு தொட்டியில் என்று எங்காவது ஒரு கொடி இருக்கிறது. வாங்கி வந்த புதிதில் பளபளவென்று இருக்கும். இரண்டு மாதம் போனதும் அடி இலைகள் மஞ்சளாகும், தண்டு நீண்டு மெலியும், ஒருநாள் அடித்தண்டு கருத்துக் கொழகொழவென்று சாய்ந்துவிடும்.

"ஐந்து ஏக்கர் நெல்லு, ஒரு ஏக்கர் வாழை பார்க்கிறேன். இந்த ஒரு செடியைக் காப்பாற்ற முடியவில்லையே!" என்று அலுத்துக்கொள்ளும் விவசாயிகள் உண்டு. அவர்கள் அக்கறையில் குறை இல்லை. வயலில் பழகிய கணக்கை வீட்டுக்குள்ளும் போடுவதுதான் தவறு. வயலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். அதனால் செடி வாடினால் கை தானாகவே குடத்தைத் தேடும். வீட்டுக்குள் நிலைமை தலைகீழ். அங்கே பஞ்சம் வெளிச்சத்துக்கு. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஊற்றும் கூடுதல் தண்ணீர் வேரை அழுக வைக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மணி பிளாண்ட் பல வருடங்கள் நன்றாக இருக்கும்.

எந்த ஊர்ச் செடி இது?

மணி பிளாண்டின் தாவரவியல் பெயர் எபிபிரெம்னம் ஆரியம். இதன் பூர்வீகம் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரியா என்னும் சிறு தீவு. வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த இடம் அது. அங்கே இது பெரிய மரங்களின் நிழலில் தரையில் படர்ந்து, பின்பு கணுக்களில் விடும் பற்று வேர்களால் மரத்தைப் பிடித்து மேலே ஏறும். நம் மிளகுக் கொடியும் வெற்றிலைக் கொடியும் ஏறுவது போலத்தான்.

ஆனால் இது மிளகு, வெற்றிலைக் குடும்பம் இல்லை. சேம்பு, சேனைக்கிழங்கு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பம். இந்த உறவு பின்னால் முக்கியமாக வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளங்கை அளவு இலை விடும் இதே கொடியைத் தோட்டத்தில் தென்னை மரத்திலோ மாமரத்திலோ ஏற்றிவிட்டால் முறம் அளவுக்கு இலை விடும், இலையின் ஓரம் கிழிந்தது போலப் பிளந்திருக்கும். பார்ப்பவர்கள் வேறு செடி என்றே நினைப்பார்கள். வெளிச்சமும் ஏறுவதற்குப் பிடிமானமும் கிடைத்தால் இதன் வளர்ச்சி அந்த அளவுக்கு மாறும்.

வெளிச்சம்தான் சாப்பாடு

உரத்தையும் தண்ணீரையும் செடியின் சாப்பாடு என்று சொல்கிறோம். உண்மையில் இலை வெளிச்சத்தை வாங்கித்தான் சாப்பாடு சமைக்கிறது. தண்ணீரும் உரமும் அந்தச் சமையலுக்கான சாமான்கள். அடுப்பு எரியாத வீட்டில் அரிசி மூட்டையை இறக்கி என்ன பயன்?

வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதில் நம் கண் நம்மை ஏமாற்றிவிடும். நடுப்பகல் வெயிலில் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். அறையின் உள் மூலையில் அது சில நூறு லக்ஸ்கூட இருக்காது. இருட்டுக்கு ஏற்பக் கண்மணி விரிந்துகொடுப்பதால் நமக்கு இரண்டும் வெளிச்சமாகவே தெரிகிறது. செடிக்கு அப்படி விரியும் கண் இல்லை. ஜன்னலிலிருந்து தள்ளத் தள்ள வெளிச்சம் வேகமாகக் குறையும். ஓட்டு வீடுகளில் ஜன்னல் சின்னதாக இருப்பதால் இன்னும் குறைவு.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காலை 10, 11 மணிக்குச் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள்.

* கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அங்கே வெளிச்சம் அதிகம். நேர் வெயில் படாமல் சற்றுத் தள்ளி வைக்கலாம்.
* நிழல் மங்கலாக, ஆனால் கை என்று தெரியும்படி விழுந்தால் அதுதான் மணி பிளாண்டுக்கு ஏற்ற இடம்.
* நிழலே தெரியாவிட்டால் அங்கே செடி உயிரோடு இருக்கலாம், வளராது. நாளாக ஆக மெலியும்.

கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடிக்குள் வைப்பது நல்லது. இளங்காலை வெயில் கொஞ்சம் பட்டாலும் கெடுதல் இல்லை. மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் நேராக விழுந்தால் இலை வெளுத்து, பழுப்புத் திட்டாகக் கருகும். திண்ணை, தாழ்வாரம், முற்றத்து ஓரம் இருக்கும் வீடுகளில் அதைவிட நல்ல இடம் கிடையாது. நேர் வெயில் இல்லாமல் நாள் முழுக்க வெளிச்சம் வரும் இடங்கள் அவை. ஆடு, கோழி எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்.

மஞ்சள், வெள்ளைத் திட்டுகள் உள்ள ரகங்களை வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இருட்டில் வைத்தால் புதிதாக வரும் இலைகள் திட்டு குறைந்து பச்சையாகவே வரும். திட்டு உள்ள பகுதியில் பச்சையம் இல்லை, அங்கே சமையல் நடக்காது. மார்பிள் குயின் போல வெள்ளை அதிகமுள்ள ரகங்களுக்குச் சாதாரணப் பச்சை மஞ்சள் ரகத்தைவிடக் கூடுதல் வெளிச்சம் தேவை.

டி.வி. மேசையில்தான் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டு தொட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு வாரம் உள்ளே, மற்றொன்று தாழ்வாரத்தில். பிறகு இடம் மாற்றுங்கள். இரண்டும் தெம்பாக இருக்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம்

"வாரம் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்" என்று நர்சரியில் சொல்லி அனுப்புவார்கள். அந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஜன்னல் ஓரத்துச் செடி சித்திரை மாதத்தில் நான்கைந்து நாளில் மண்ணைக் காயவைத்துவிடும். அதே செடி அறை மூலையில் இருந்தால், ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் 15 நாளானாலும் மண் ஈரமாகவே இருக்கும்.

எனவே நாளை எண்ணாமல் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். உலர்ந்திருந்தால் ஊற்றலாம். இன்னொரு வழி, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் விட்ட அன்று எவ்வளவு கனம், காய்ந்தபின் எவ்வளவு கனம் என்பது இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

ஊற்றும்போது தினம் ஒரு கை என்று தெளிக்காதீர்கள். அடித்துளையில் கசியும் வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு மண் காயும் வரை தொட வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. எப்போதும் ஈரம் நின்றால் அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பி வேருக்கு மூச்சு முட்டும். முட்டிய வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் பூஞ்சாணங்கள் எளிதாக ஏறும். நெல்லுக்கு இலையிலிருந்து வேர் வரை காற்றை இறக்கும் குழாய் அமைப்பு இருப்பதால் அது நின்ற நீரில் வாழ்கிறது. தொட்டி மண்ணில் வளரும் மணி பிளாண்டுக்கு அந்த வசதி இல்லை.

"அப்படியென்றால் பாட்டில் தண்ணீரில் மட்டும் எப்படி வளர்கிறது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். தண்ணீரிலேயே முளைத்த வேர்கள் அந்தச் சூழலுக்கு ஏற்றபடி உருவானவை. தண்ணீரை மாற்றும்போதெல்லாம் அவற்றுக்குப் புதிய காற்றும் கிடைக்கிறது. மண்ணில் முளைத்த வேர் சேற்றில் நின்றால் அழுகும். இதனால்தான் பாட்டிலில் நீண்ட நாள் இருந்த கொடியைத் தொட்டி மண்ணுக்கு மாற்றியதும் சில நாள் துவண்டு நிற்கிறது. பழைய வேர் மண்ணுக்குப் பழகி, புது வேர் விடும் வரை பொறுக்க வேண்டும்.

தண்ணீரின் தரமும் முக்கியம். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் உள்ள ஊர்களில் இலை நுனி பழுப்பாகக் காயும், மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். தொட்டியில் உப்பு அடித்துச் செல்ல மழை கிடையாது என்பதால் அது சேர்ந்துகொண்டே போகும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீரை ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தொட்டியும் மண்ணும்

தொட்டியின் அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும். துளை இல்லாத பீங்கான் ஜாடி அழகாக இருந்தால், செடியைத் துளையுள்ள சிறு தொட்டியில் வைத்து அதை ஜாடிக்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்தபின் திரும்ப வையுங்கள்.

புதுச் செடிக்கு 6 அங்குலத் தொட்டி போதும். "பெரிதாக வளரட்டும்" என்று 14 அங்குலத் தொட்டியில் சின்னச் செடியை நட்டால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் வாரக்கணக்கில் தேங்கும். வேர் தொட்டி முழுக்கச் சுற்றியபின் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றினால் சரியாக இருக்கும். இது சாதாரணமாக ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, பருமணல் 1 பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அதில் உப்பு இருக்கும். வயலின் கரிசல் மண்ணையோ களிமண்ணையோ மட்டும் நிரப்பக் கூடாது. அது தொட்டியில் இறுகிக் கல்லாகிவிடும், தண்ணீரும் வடியாது.

அடியில் ஜல்லிக்கல் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. மண் கெட்டியாக இருந்தால் கல்லுக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். துளையை மண் அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லு வைத்தால் போதும். வடிகால் என்பது கலவையிலேயே இருக்க வேண்டும்.

இலை சொல்லும் சேதி

* அடியில் ஒரு இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால்: வயதான இலை, கவலை வேண்டாம்.
* பல இலைகள் ஒன்றாக மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால்: தண்ணீர் அதிகம். உடனே நிறுத்தி, வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள்.
* இலை துவண்டு, மண் உலர்ந்து, தொட்டி லேசாக இருந்தால்: தாகம். ஒருமுறை நன்றாக ஊற்றினால் பெரும்பாலும் அன்றைக்கே நிமிரும்.
* இலை துவண்டு, மண் ஈரமாக இருந்தால்: வேர் அழுகியிருக்கிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் தாகம் எடுத்தது போலவே வாடும். இங்கேதான் பலரும் மேலும் தண்ணீர் ஊற்றிச் செடியை இழக்கிறார்கள்.
* கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்தால்: வெளிச்சம் போதவில்லை.
* இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால்: உப்புத் தண்ணீர், அதிக உரம் அல்லது நீண்ட நாள் வறட்சி.
* இலையின் நடுவே வெளுத்த, கருகிய திட்டு இருந்தால்: நேர் வெயில் சுட்டிருக்கிறது.

வேர் அழுகல் என்று தெரிந்தால் செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கருத்து, இழுத்தால் தோல் உரிந்து வரும், நாற்றம் வரும். அழுகியதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். வேர் முழுவதும் போயிருந்தால், மேலே நல்ல தண்டு இருக்கும் இடத்தில் வெட்டிப் புதிதாக வேர்விட வைப்பதுதான் வழி.

ஒரு கணு போதும், திருட வேண்டாம்

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கேட்டு வாங்கினாலும் அப்படியேதான் வளரும். வளர்வதும் வளராததும் நீங்கள் வெட்டும் இடத்தைப் பொறுத்தது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் கணுவிலிருந்துதான் புதுத் தளிரும் வேரும் வரும். கணு இல்லாமல் இலையை மட்டும் பறித்து வைத்தால் கொடி வராது.

இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக, கடைசிக் கணுவுக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டுங்கள். அடி இலையை நீக்கி, அந்தக் கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். நேரடியாக மண்ணிலும் நடலாம். ஒரு தொட்டியில் நான்கைந்து துண்டுகளைச் சேர்த்து நட்டால் அடர்த்தியாக இருக்கும்.

இந்தச் செடி விதையில்லாமல் வெட்டுத் துண்டிலேயே ஊர் ஊராகப் பரவியதற்கும் ஒரு காரணம் உண்டு. இது பூப்பதே மிக அரிது. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை இந்தச் செடியால் போதிய அளவு உருவாக்க முடியவில்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஜிப்ரெலினைத் தெளித்தபோது பூத்தது. திராட்சைக் குலையை நனைக்கப் பயன்படும் ஜிப்ரெலிக் அமிலம் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

கொடியை ஏற்றிவிட விரும்பினால், ஒரு கழியில் தென்னை நாரைக் கயிற்றால் சுற்றிக் கட்டித் தொட்டியின் நடுவில் ஊன்றுங்கள். நார் ஈரமாக இருந்தால் பற்று வேர் பிடித்துக்கொள்ளும், இலையும் பெரிதாகும். தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். அப்போது நுனியை வெட்டினால் அடியிலிருந்து புதுக் கிளை வரும்.

உரம் கைப்பிடிக் கணக்கில் வேண்டாம்

ஒரு கைப்பிடி யூரியாவோ டி.ஏ.பி.யோ வயலில் ஒன்றும் செய்யாது. ஆறு அங்குலத் தொட்டியில் அது வேரைக் கருக்கிவிடும். மண்புழு உரம் இரண்டு தேக்கரண்டி மாதம் ஒருமுறை மேல் மண்ணில் கலந்தால் போதும். அல்லது தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றலாம். காய்ந்த மண்ணில் உரத் தண்ணீரை ஊற்றாமல், முதலில் சாதாரணத் தண்ணீர் விட்டபின் ஊற்றுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கும் செடிக்கும், அழுகல் கண்ட செடிக்கும் உரமே வேண்டாம். பஞ்சகவ்யம் தெளிப்பதானால் செடியை வெளியே கொண்டுவந்து 3 சதவீதக் கரைசலாகத் தெளித்து, காய்ந்தபின் உள்ளே எடுத்துப் போங்கள்.

வயல் மருந்தை வீட்டுக்குள் அடிக்காதீர்கள்

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப் பேன் ஆகியவை சில சமயம் வரும். கணு இடுக்கிலும் இலையின் அடியிலும் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் கலந்து, செடியை வெளியே வைத்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்தால் அடங்கும். மண்ணிலிருந்து சிறு கருப்பு ஈக்கள் பறந்தால் மண்ணைக் காயவிடுங்கள், ஈரம் குறைந்தால் அவையும் குறையும்.

பருத்திக்கோ கத்தரிக்கோ வாங்கி மிச்சமிருக்கும் மருந்தைக் கொஞ்சம் கலந்து அடித்தால் என்ன என்று தோன்றலாம். வேண்டவே வேண்டாம். வயலில் காற்று அடித்துப் போகும். அடைத்த அறையில் மருந்து பாயிலும் தலையணையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் படியும். குழந்தைகள் தூங்கும் இடம் அது. பூச்சி மிக அதிகமானால் நல்ல துண்டை மட்டும் வெட்டிக் கழுவி வைத்துக்கொண்டு, மற்றதை அப்புறப்படுத்துவது மேல்.

இலையில் படியும் தூசியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். தூசி வெளிச்சத்தை மறைக்கும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், இலையின் துளைகளை அடைத்து மேலும் தூசியைப் பிடித்துவைக்கும்.

பாட்டிலில் வளர்ப்பவர்கள் கவனிக்க: டெங்குக் கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டை இடும். மணி பிளாண்ட் பாட்டிலும், தொட்டியின் அடித்தட்டும் அதற்கு வசதியான இடங்கள். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

வாரத்தில் ஒருநாளைக் குறித்துக்கொண்டு தவறாமல் தண்ணீரை மாற்றுங்கள். வெறுமனே கொட்டி நிரப்பினால் போதாது. இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உள்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், வேரையும் ஓடும் நீரில் அலசுங்கள். பாட்டில் வாயைத் தண்டைச் சுற்றிப் பஞ்சால் அடைத்துவிட்டால் கொசு நுழையாது. பழைய தண்ணீரை மண்தரையில் கொட்டுங்கள், தொட்டியிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். வாரா வாரம் இதைச் செய்ய முடியாதவர்கள் தொட்டி மண்ணில் வளர்ப்பதே நல்லது.

குழந்தைகளும் கால்நடைகளும்

சேனை, கருணைக் குடும்பம் என்று முதலில் சொன்னோம். கருணைக்கிழங்கை நறுக்கும்போது கை அரிப்பதும், சரியாக வேகாவிட்டால் நாக்கு காறுவதும் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்களால். மணி பிளாண்டின் இலை, தண்டு முழுவதும் அதே ஊசிகள் உண்டு. மென்றால் வாய், நாக்கு, தொண்டை எரியும், எச்சில் ஒழுகும், வீங்கும். சாறு தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

இதன் இலை வெற்றிலை போலவே இருப்பது கூடுதல் ஆபத்து. பாட்டி வெற்றிலை போடுவதைப் பார்க்கும் குழந்தை இதையும் பறித்து வாயில் வைக்கலாம். தவழும், நடக்கும் வயதுக் குழந்தை உள்ள வீட்டில் கொடியைத் தரையில் படரவிடாமல் கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

குழந்தை மென்றுவிட்டால் வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் நாக்கைத் துடையுங்கள். குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கண்ணில் சாறு பட்டால் கசக்காமல் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். உதடு, தொண்டை வீங்கினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

ஆடு, மாடு, நாய், பூனைக்கும் இது ஆகாது. வெட்டிய கொடியைத் தழை என்று நினைத்து ஆட்டுக்குப் போடாதீர்கள், மாட்டுத் தொட்டியிலும் கலந்துவிட வேண்டாம். மென்ற கால்நடை எச்சில் ஒழுக்கி, தீனி எடுக்காமல் நின்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, எந்தச் செடியைத் தின்றது என்பதையும் சொல்லுங்கள்.

வெட்டியதை வெளியே எறியாதீர்கள்

ஒரு கணு விழுந்த இடத்தில் ஒரு கொடி வந்துவிடும். வாய்க்கால் கரையிலோ ஓடை ஓரத்திலோ தோப்பிலோ கிடந்தால் தரையை மூடிப் படர்ந்து, மரத்திலும் ஏறும். இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தகலைக் காட்டில் இது அப்படிப் பரவி, உள்ளூர்ச் செடிகளை முளைக்கவிடாமல் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெட்டியதை வெயிலில் சருகாகக் காயவைத்து, அதன்பின் குப்பைக் குழியில் போடுங்கள்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

விற்பவர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள். 1989-ல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பேச்சு இது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள். பின்பு இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்ததில், ஜன்னலைத் திறந்தால் மாறும் காற்றுக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று தெரிந்தது. அடுப்புப் புகை வெளியேற ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் வழி. மணி பிளாண்டைக் கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சைக்காக வையுங்கள், அதுவே போதும்.

சுருக்கமாக

* மங்கலான நிழல் விழும் வெளிச்சத்தில் வையுங்கள்.
* வெளிச்சம் குறைந்தால் தண்ணீரையும் குறையுங்கள். இரண்டு அங்குலம் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள்.
* மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், தண்ணீர் ஊற்றாமல் வேரைப் பாருங்கள்.
* பாட்டில் தண்ணீரை வாரம் ஒருமுறை, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள்.
* குழந்தை, ஆடு, மாடு எட்டாத உயரத்தில் வையுங்கள்.
* வயல் மருந்து வீட்டுக்குள் வேண்டாம்.

அடுத்த முறை மணி பிளாண்ட் இலை மஞ்சளாகத் தெரிந்தால் சொம்பை எடுக்குமுன் மண்ணில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது தண்ணீர் கேட்டிருக்காது, ஜன்னலுக்கு இரண்டடி கிட்டே வரத்தான் கேட்டிருக்கும்.